பாலம் விலகிய நேரம்

கப்பல் குராசாவோ தீவில் கட்டிய காலை நான் என் அறையில் இருந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலை எனக்குப் படியவில்லை. அறுபது வயது மட்டும் வெறுங்காலோடு திரிந்தவனுக்குச் சப்பாத்து ஒரு விலங்கு. ஒருபடியாகக் கட்டி முடித்து, காலுறையை மேலே இழுத்து விட்டுக் குனிந்து பார்த்தேன். கணுக்கால் தெரியவில்லை. சேட்டுப் பொத்தானைக் கழுத்து மட்டும் பூட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். நெஞ்சு தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வெளியே மகேந்திரராஜா நின்றார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் குடை. பின்னால் அவருடைய மனைவி இராஜேஸ்வரி.

“என்ன அண்ணை, மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டு நிக்கிறியள்? மாப்பிள்ளை சிட்னியிலயெல்லோ நிக்கிறார்!” என்று சொல்லி அவரே சிரித்தார். “வாங்கோ, பின்னேரம் கப்பல் வெளிக்கிட்டிடும். அதுக்குள்ள ஊரைப் பாத்திட்டு வருவம்.”

நான் பனை ஏறிக் கள்ளுச் சீவியவன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கணுக்காலில், மரம் ஏறும்போது பூட்டுகிற தளைநார் அறுத்த தழும்பு இருக்கிறது. மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சுத் தோல் செருப்புத் தோல் மாதிரிக் காய்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களை வெள்ளாளர் வீட்டு விறாந்தையில் ஏற்ற மாட்டார்கள். கிணற்றில் அள்ள விட மாட்டார்கள். எங்களுடைய வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். தாகம் என்றால் படலைக்கு வெளியே குந்தியிருந்து, சால்வையைக் கமக்கட்டுக்குள் வைத்து, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே ஏந்த வேண்டும். வீட்டுப் பொம்பிளை செம்பை உயரப் பிடித்து வார்ப்பாள். செம்பும் கையும் முட்டக் கூடாது. என்னுடைய மகன் ஒரு நாளும் அப்படிக் குடிக்கக் கூடாது என்றுதான் இந்திரகுமாரை ஐந்து வயதிலேயே மிசன் பள்ளிக்கூட விடுதியில் கொண்டுபோய் விட்டேன். அவனுடைய தாய் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அவன் படித்தான், லண்டனுக்குப் போனான், எஞ்சினியர் ஆனான். தாய் செத்த பிறகு என்னையும் அங்கே எடுத்தான். எழுபத்து மூன்றாம் ஆண்டில் அவனுக்கு சிட்னியில் வேலை கிடைத்து, முதலில் பறந்து போய்விட்டான். எனக்கு இடது காதில் சீழ். விமானத்தில் ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் கப்பல். சுயெஸ் கால்வாய் அடைபட்டுக் கிடந்த காலம் அது. லண்டனை விட்ட கப்பல் மேற்கே ஓடி, இந்தத் தீவுகளைத் தொட்டு, பனாமாவால் புகுந்துதான் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்.

மகேந்திரராஜா வெள்ளாளர். தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்துப் பென்சன் எடுத்தவர். லண்டனில் மூத்த மகனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு, சிட்னியில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற மகள் யோகாவிடம் மனைவியோடு போய்க்கொண்டிருந்தார். யோகாவும் என்னுடைய மகனும் லண்டனிலேயே பழகி, கட்டுவதென்று முடிவெடுத்து வருசக் கணக்கு. தாய் தகப்பன் சம்மதம் ஒன்றுதான் மிச்சம். ஒரே கப்பலில் வரட்டும், பழகட்டும், இறங்கும்போது சம்பந்திகளாக இறங்கட்டும் என்று கணக்குப் போட்டது பிள்ளைகள்தான். அந்தப் பெட்டைக்குக் கணக்கின் பாதிதான் தெரியும். நாங்கள் யார் என்று அவளுக்கு இந்திரன் சொல்லவில்லை.

“கலியாணம் முடியட்டும் அப்பா, பிறகு சொல்லுவன்,” என்று போகும்போது சொன்னான். “நீங்கள் சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. சேட்டைக் கழட்டாதேங்கோ. ஊர் கேட்டா சுன்னாகத்துக்கு அங்கால எண்டு சொல்லுங்கோ. மிச்சத்துக்குக் காது கேக்கேல்ல எண்டு விடுங்கோ.”

நான் மனிதரை நம்புகிறவன் இல்லை. அதனால் மகன் சொன்னது சரி என்றுதான் பட்டது. பாஸ்போட்டில் என்னுடைய பெயர் வைரவநாதன். ஊரில் வைரவன். ‘நாத’னை மகன் ஒட்ட வைத்தான்.

கப்பலில் காரியம் நன்றாகவே போனது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இராஜேஸ்வரி பிஸ்கற் ரின்னுக்குள் பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். முதலில் எனக்கு நீட்டிவிட்டுத்தான் புருசனுக்குக் கொடுப்பார். மெல்பேர்னுக்குப் போய்க்கொண்டிருந்த, தமிழ் தெரிந்த ஒரு இலங்கைப் பறங்கிக் கிழவரைச் சேர்த்துப் பின்னேரங்களில் முன்னூற்றி நாலு விளையாடுவோம். நானும் மகேந்திரராஜாவும் ஒரு பக்கம். சீட்டு எனக்கு வரும். “அண்ணை கையைப் பாத்தாலே எனக்குப் பயம்,” என்று பறங்கிக் கிழவர் சொல்லுவார். சாதகக் குறிப்புப் பார்க்கிற கதையை ஒரு நாள் இராஜேஸ்வரி எடுத்தபோது மகேந்திரராஜாதான் கையை வீசினார். “குறிப்பும் கிறிப்பும். இந்தக் காலத்தில ஆர் அதெல்லாம் பாக்கினம்? பிள்ளையள் விரும்பீற்றுதுகள். முடிஞ்சுது.” அன்று இரவு படுக்கையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இது நடந்தாலும் நடக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

குராசாவோ வெயில் எங்களுடைய சித்திரை வெயிலை விழுங்கிவிடும். பச்சை என்று பார்த்தால் முள்ளும் கள்ளியும்தான். ஆனால் துறைமுகத்து வீடுகள் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகத் தேர்முட்டி மாதிரி நிரையாக நின்றன. ஊரை ஒரு கடல்வாய்க்கால் இரண்டாகப் பிளக்கிறது. அதற்குக் குறுக்கே தோணிகளின் மேல் பலகை அடித்து ஒரு மிதக்கும் பாலம். கப்பல் வரும்போது பாலம் முழுவதும் ஒரு கதவு மாதிரி ஒரு பக்கம் விலகிக் கொடுக்கும். அதில் நடந்து அக்கரைக்குப் போனோம். காலுக்குக் கீழே பலகை அசைய இராஜேஸ்வரி என்னுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணை, விழுத்திப் போடாதேங்கோ,” என்றார். நான் மரக்கட்டை மாதிரி நடந்தேன்.

அக்கரையில் ஒரு கோட்டை. மகேந்திரராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“பாத்தியளோ, ஒல்லாந்தன் கட்டினது. எங்கட யாழ்ப்பாணக் கோட்டையும் அவன்ர வேலைதான். எங்கட பரம்பரையில ஒருத்தர் ஒல்லாந்தற்ற காலத்தில முதலியாராயிருந்தவர் தெரியுமோ?”

“ம்,” என்றேன்.

வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கறுத்தக் கிழவர் வந்து இங்கிலிசில் ஊரைக் காட்டுகிறேன் என்றார். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். பழைய பண்டகசாலை ஒன்றின் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் சொன்னதை மகேந்திரராஜா தமிழில் எங்களுக்குச் சொன்னார். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த சனத்தை இந்த மாதிரி முற்றங்களில்தான் நிறுத்தி விற்றார்களாம். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களாம். நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார்களாம்.

“மனிசரை மனிசர் ஆடு மாடு மாதிரி வித்திருக்கிறாங்கள், பாத்தீரே இராசேஸ்?” என்றார் மனைவியிடம். “என்ன சாதி மனிசங்களடாப்பா இவங்கள்!”

“ஐயோ, பாவங்கள்,” என்று இராஜேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

மகேந்திரராஜாவின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அது நடிப்பில்லை. என்னுடைய கை தன்பாட்டில் போய்ச் சேட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்தது. இந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். கெட்டவனிடம் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது பாலம் இல்லை. பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருக்க, பாலம் மற்றக் கரையோடு ஒட்டிக் கிடந்தது. எங்களுடைய கப்பல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, போக வழியில்லை. உச்சி வெயில். ஒதுங்க ஒரு மரம் இல்லை. மகேந்திரராஜாவுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டு வாசல்படியில் சின்ன நிழல் கிடந்தது. அதில் போய் நின்றோம். எனக்குச் சப்பாத்துக்குள் கால் வெந்தது. நான் படியில் குந்திவிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கறுத்தப் பெண் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை. எங்களைப் பார்த்த பார்வையிலேயே விளங்கிக்கொண்டு, உள்ளே போய் ஒரு எனாமல் கூசாவில் தண்ணீரும் ஒரு கிளாசும் கொண்டுவந்து இராஜேஸ்வரியின் கையில் கொடுத்தாள்.

புருசனுக்கு வார்த்துக் கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்தார். பிறகு இராஜேஸ்வரி தானும் குடித்தார். கிளாசை அலம்பி ஊற்றினார். பிறகு என்னிடம் வந்தார். வலது கையில் கூசா, இடது கையில் கிளாஸ்.

“இந்தாங்கோ அண்ணை, குடியுங்கோ.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெயில் அவருக்குப் பின்னால் நின்றது. முகம் தெரியவில்லை. சேலை தெரிந்தது. தலைக்கு மேலே ஒரு பாத்திரம் தெரிந்தது. நான் கீழே குந்தியிருக்கிறேன், தாகம் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறது. அவ்வளவுதான். அதற்குள் நான் என்ற ஆள் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் வைத்தேன். ஒரு பக்கம் சரிந்தேன். தலை குனிந்தது. இரண்டு கையும் சேர்ந்து வாய்க்குக் கீழே போனது.

தண்ணீர் விழுந்தது.

அவர் வார்த்தார். யோசித்து வார்க்கவில்லை. என்னுடைய கை எப்படிப் போனதோ அப்படித்தான் அவருடைய கையும். கூசா ஒரு சாண் உயர்ந்ததை நான் தண்ணீரின் வேகத்தில் உணர்ந்தேன். நல்ல தண்ணீர். போதும் போதும் என்கிற மட்டும் குடித்தேன். குடித்து முடித்து, ஊரில் செய்கிற மாதிரித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். தண்ணீர் நின்றது. வார்க்கிற பொம்பிளையை ஊரில் நாங்கள் கூப்பிடுகிற ‘நாச்சியார்’ என்ற சொல் பல்லுக்கு அருகில் வந்து நின்றுவிட்டது. வெளியே வந்திருந்தாலும் இனிக் கூடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். இராஜேஸ்வரியின் இடது கையில் கிளாஸ் அப்படியே இருந்தது.

“அண்...” என்று தொடங்கினார். மிச்சம் வரவில்லை. தன்னுடைய வலது கையைப் பார்த்தார். அது உயரத்திலேயே நின்றது. மகேந்திரராஜா என்னையும் பார்த்தார், மனைவியின் கையையும் பார்த்தார். வீட்டுக்காரிதான் சிரித்தாள். கிளாஸ் போதாமல்தான் இந்தக் கிழவன் கையில் குடிக்கிறான் என்று நினைத்திருப்பாள். உள்ளே போய் இன்னொரு கிளாஸ் கொண்டுவந்து, தானே நிரப்பி, என்னுடைய கையில் வைத்து, என்னுடைய விரல்களை அதைச் சுற்றி மடித்து விட்டாள். பிள்ளையின் எச்சில் விளிம்பில் காய்ந்திருந்தது. எனக்குத் தாகம் இல்லை. என்றாலும் குடித்தேன். குடித்து முடித்துப் பார்த்தபோது பாலம் திரும்பி வந்திருந்தது. அவர்கள் இரண்டு பேரும் பாலத்தில் ஏறிவிட்டார்கள். பலகை அசைந்தது. இராஜேஸ்வரி புருசனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

லண்டனை விட்ட நாள் தொட்டுக் கணுக்காலையும் நெஞ்சையும் காவல் காத்தேன். கையைப் பற்றி மகனும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு கப்பலில் ஒன்றும் நடக்கவில்லை. சண்டை இல்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அவர்கள் மற்ற மூலைக்கு மாறினார்கள். மகேந்திரராஜாவுக்குப் பின்னேரங்களில் தலையிடி வரத் தொடங்கியது. பறங்கிக் கிழவர் சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு, “என்ன, பெரிய மனிசர் ஆட்டத்தை விட்டிட்டாரோ?” என்று கேட்டார். எனக்குக் காது கேட்கவில்லை. பனாமாக் கால்வாயில் கப்பலைத் தண்ணீரால் ஏற்றி இறக்கினார்கள். எல்லோரும் கம்பியோடு நின்று பார்த்தார்கள். நான் மகேந்திரராஜாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒளித்து விளையாட எனக்கு வயதில்லை.

“பிள்ளையளின்ர விசயம்,” என்றேன்.

“பாப்பம். முதல் குறிப்பைப் பாக்க வேணும்.”

“குறிப்புப் பாக்கிறேல்ல எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“சொன்னனான்தான். மனிசி விரும்புறா.”

“மனிசி என்ன கண்டவ?”

அவர் கால்வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஒண்டும் காணேல்ல எண்டே வையும்.”

‘வையுங்கோ’ என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், கழுத்து சிவந்தது. ஆனால் திருத்தவில்லை.

சிட்னியில் கரையிலிருந்து கடதாசி நாடா எறிந்தார்கள். இந்திரன் கோட்டுப் போட்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் மஞ்சள் சேலை கட்டி யோகா. இரண்டு பேரும் ஒரே நாடாவைப் பிடித்துக்கொண்டு கையாட்டினார்கள். இறங்கியதும் அவள் தாயிடம் போகாமல் நேரே என்னிடம் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்தாள். “மாமா, காது எப்பிடி இருக்கு?” நான் கையை இழுத்துக்கொண்டேன். 

“யோகா,” என்று தாய் கூப்பிட்டார். “அப்பாவால பெட்டி தூக்கேலாது. இஞ்சால வா.”

எல்லோரும் ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்களுடைய வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஒழுங்கு. மகன் முதல்நாளே ஆட்டிறைச்சி காய்ச்சி வைத்திருந்தான். ஒரு ஆள் இருக்கிற பிளாட்டில் ஐந்து கதிரை போட்டிருந்தான். இரண்டு மேல் வீட்டுக் கிரேக்கனிடம் இரவல் வாங்கியது. “களைப்பா இருக்குத் தம்பி, இன்னொரு நாளைக்குப் பாப்பம்,” என்று இராஜேஸ்வரி அவனுக்குச் சொல்லிவிட்டு டாக்சியில் ஏறினார். நாங்கள் இரண்டு பேரும் இருந்து சாப்பிட்டோம். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“அப்பா, சப்பாத்தைக் கழட்டினீங்களோ?”

“இல்லை.”

“சேட்டை?”

“இல்லையடா.”

“வாய் விட்டீங்களோ?”

“இல்லை. தண்ணி குடிச்சனான்,” என்றேன். எப்படிக் குடித்தேன் என்று சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். “அதுக்கென்ன? தாகமெண்டா ஆரும் கையில குடிப்பினம்தானே.”

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கக் கூடாது என்றுதானே வளர்த்தேன். நான் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

பிறகு டெலிபோன் அடிப்பது குறைந்தது, பிறகு நின்றது. அவன் வேலையால் வந்து டெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருப்பான். ஒரு சனிக்கிழமை யோகா தானாகவே வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவனும் அவளும் முன்னறை மேசையில் இருந்தார்கள். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன். எங்களிடம் பூப்போட்ட கோப்பை ஒன்று, தட்டோடு இருந்தது. அதைச் சுடுதண்ணீரில் அலம்பித் துடைத்து, பாலும் சீனியும் கூடப் போட்டுக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தேன். “தாங்ஸ் மாமா,” என்றாள். நான் திரும்பக் குசினிக்குள் வந்து நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா சாப்பாட்டை விட்டிட்டா. அப்பா என்னோட கதைக்கிறேல்ல.”

“என்ன சொல்லினம்?”

“ஒண்டும் சொல்லினமில்ல. குறிப்புப் பொருந்தேல்லையாம்.” அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “நான்தான் ராத்திரி அம்மாவைப் பிடிச்சு உலுப்பிக் கேட்டனான். அவ வாயால சொல்லேல்ல. தன்ர கையைத் தூக்கிக் காட்டினவ. இப்பிடி. அவ்வளவுதான். நீர் ஏன் எனக்குச் சொல்லேல்ல இந்திரன்?”

“சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீர்?”

“அதை அப்ப கேட்டிருக்க வேணும். மூண்டு வருசம் என்னோட திரிஞ்சும் உமக்கு என்னில நம்பிக்கை வரேல்ல.”

“இப்ப கேக்கிறன்.”

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. ஒரு ரயில் போனது. அது போய் முடியும் மட்டும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். போன பிறகும் அவள் பதில் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை. கதிரை இழுபட்டது. குசினி வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, போட்டு வாறன்.”

“ஓம் பிள்ளை,” என்றேன். போட்டு வாறன் என்று எல்லோரும்தான் சொல்லுகிறார்கள். போகிறேன் என்று சொல்லி எங்களுடைய ஆட்கள் ஒருவரும் போவதில்லை.

அவள் படியிறங்கிப் போகிற சத்தம் அடங்கிய பிறகு முன்னறைக்கு வந்தேன். இந்திரன் எழும்பவில்லை. கோப்பை அவள் இருந்த பக்கம் நிறைந்தபடியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அழுகிற பெட்டை தேத்தண்ணி குடிக்க மாட்டாள், தொண்டையால் இறங்காது. அது எனக்குத் தெரியும். அப்படித்தான் இருக்கும். கோப்பையை அவள் தொட்டுத் தள்ளி வைத்த மாதிரியும் இருந்தது, நான் வைத்த இடத்திலேயே இருந்த மாதிரியும் இருந்தது. எந்த இடத்தில் வைத்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

மகனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது விளங்கிவிட்டது என்று அவனுடைய முகத்தில் கண்டேன்.

நான் கோப்பையை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. தேத்தண்ணியின் மேல் ஆடை படிந்துவிட்டது. அடுத்த ரயில் வந்தபோது கோப்பை தட்டில் கிடந்து கிணுகிணுவென்று நடுங்கியது. ஆடை நடுவில் சுருங்கி, பிறகு மெல்லப் பழையபடி விரிந்தது.